சம்பள ஷீட் போடும்போது சர்வர் நின்னா என்ன பண்றது? திருப்பூர் கம்பெனிகளை மடக்கும் டேட்டாபேஸ் கோளாறுகள்!

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலத்துக்குத் தனி மரியாதை உண்டு. பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் அதுதான் வாரச் சம்பள நேரம். ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொருவரும் அந்த வாரம் போட்ட ஷிப்ட்டை மனசுக்குள் கூட்டி வைத்திருப்பார்கள். எத்தனை நாள் ஒரு ஷிப்ட், எத்தனை நாள் ஒன்றரை ஷிப்ட், செவ்வாய்க்கிழமை வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்று எல்லாமே விரல் நுனியில் இருக்கும். ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரும் அதே கணக்கைப் போட்டு ஷீட்டை பிரிண்ட் எடுக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஸ்கிரீனில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும்? 5 மணிக்கு வர வேண்டிய ஷீட் ஏழரைக்கு வரும். மளிகைக் கடை பாக்கி, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாமே அந்த ஒரு ஷீட்டுக்குப் பின்னால்தான் நிற்கின்றன. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு போன் போடுவார். அங்கே லைன் பிஸியாக இருக்கும். யாராவது ஒருவர், "சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா" என்பார். பல நேரம் பிரச்னை பெரிதாவது அந்த இடத்தில்தான்.

பேரேடுதான், ஆனால் பேசிக்கொள்ளும் பேரேடு

டேட்டாபேஸ் என்றதும் பயப்பட வேண்டாம். பழைய பனியன் கம்பெனிகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த நோட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் வந்த நோட்டு, நிட்டிங்குக்குப் போன டி.சி நோட்டு, சாயத்துக்குப் போன நோட்டு, பார்ட்டி அட்ரஸ் நோட்டு. இவற்றையெல்லாம் கட்டம் போட்ட அட்டவணைகளாக வைத்து, ஓர் அட்டவணையை இன்னொன்றோடு எண்ணால் இணைத்துவிட்டால் அதுதான் ரிலேஷனல் டேட்டாபேஸ். டி.சி-யில் சாயப்பட்டறையின் முழுப் பெயரையும் முகவரியையும் ஒவ்வொரு தடவையும் எழுதத் தேவையில்லை, பார்ட்டி நம்பர் போதும். முகவரி மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடும்.

1970-ல் ஐ.பி.எம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் எழுதிய ஒரு கட்டுரையில்தான் இந்த யோசனை பிறந்தது. இன்று ஆரக்கிள், எஸ்.க்யூ.எல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் எல்லாமே அந்த வழியில் வந்தவைதான். மைஎஸ்க்யூஎல்லில் இருக்கும் 'மை' என்பது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸின் மகள் பெயர். பிறகு அவர் ஆரம்பித்த மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். மகள் பெயரில் கம்பெனி போர்டு வைக்கும் பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை போல!

திருப்பூருக்கு இந்த இணைப்பு கூடுதலாகவே தேவைப்படுகிறது. இங்கே ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழ் உருவாவது குறைவு. நூல் ஓர் இடம், நிட்டிங் இன்னோர் இடம், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் வேறு வேறு தெரு. 500 கிலோ துணி சாயத்துக்குப் போனால் 500 கிலோ அப்படியே திரும்பி வராது, பிராசஸ் லாஸ் போகத்தான் வரும். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, யாரிடம் பாக்கி நிற்கிறது என்பதை டேட்டாபேஸ் சொல்லாவிட்டால் முதலாளிக்குத் தலை சுற்றும்.

'கனெக்ட் ஆகல' என்றால் முதலில் எங்கே பார்ப்பது?

அதிகம் வரும் புகார் இதுதான். பெரும்பாலும் எளிதில் தீரக்கூடியதும் இதுதான். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலுமா? இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் கேபிளையும் நெட்வொர்க்கையும் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் சர்வரைப் பாருங்கள்.

சர்வர் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் அதற்குள் இருக்கும் டேட்டாபேஸ் சர்வீஸ் ஓடாமல் இருக்கலாம். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் அது 'ரன்னிங்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கரன்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் சர்வருக்குப் புது ஐ.பி எண் கொடுத்திருக்கும். மற்ற கம்ப்யூட்டர்கள் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். சர்வருக்கு நிலையான ஐ.பி கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. மூன்றாவது, ஃபயர்வால். எஸ்.க்யூ.எல் சர்வர் வழக்கமாக 1433 என்ற போர்ட்டிலும், மைஎஸ்க்யூஎல் 3306-லும் காத்திருக்கும். புதிதாக ஆன்டி வைரஸ் போட்ட மறுநாள் பிரச்னை என்றால் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

மைஎஸ்க்யூஎல்லில் 1040 என்ற எண்ணோடு 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்று வந்தால் கதை வேறு. ஒரே நேரத்தில் 151 இணைப்புகள் என்பதுதான் அதன் இயல்பான வரம்பு. 20 கம்ப்யூட்டர் இருக்கும் கம்பெனியில் 151 எப்படி நிரம்பும்? சாஃப்ட்வேர் இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் விடுகிறது என்று அர்த்தம். வரம்பை 500 ஆக்கச் சொல்வார்கள். அது ஒழுகும் குழாய்க்குக் கீழே பெரிய பக்கெட் வைப்பது மாதிரிதான். குழாயை அடைக்க வேண்டியது சாஃப்ட்வேர் எழுதியவர்.

டீ குடிக்கப் போனவர் பூட்டிய கதவு

சனிக்கிழமை சுற்றும் வட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம், பூட்டு. ஒருவர் ஒரு பதிவைத் திருத்தும்போது இன்னொருவர் அதே பதிவில் கை வைக்காமல் இருக்க டேட்டாபேஸ் தானாகவே ஒரு பூட்டு போடும். அது நல்லதுதான். இல்லையென்றால் ஸ்டோரில் 300 கிலோ இருக்கும் துணியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் 300, 300 கிலோவாகக் கட்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள்.

சிக்கல் எங்கே? ஸ்டோர் கீப்பர் ஒரு பதிவைத் திருத்த ஆரம்பிக்கிறார். சாஃப்ட்வேர் பூட்டைப் போட்டுவிட்டு, "சேமிக்கட்டுமா?" என்று ஒரு பெட்டியைக் காட்டிக் காத்திருக்கிறது. அவர் அதற்குப் பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் வட்டம்தான். எஸ்.க்யூ.எல் சர்வர், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் வழக்கமான 'இன்னோடிபி' வகை அட்டவணை என்றால் 50 நொடியில் கை விரித்துவிடும்.

இந்த நேரத்தில் சர்வரை ஆஃப் செய்யக் கூடாது. முடியாத வேலையை டேட்டாபேஸ் பின்னோக்கிக் கலைத்தே ஆக வேண்டும். ஆஃப் செய்து ஆன் செய்தால், மீண்டும் எழுந்த பிறகும் அந்தக் கலைக்கும் வேலை தொடரும். பெரிய வேலையாக இருந்தால் 10 நிமிடக் காத்திருப்பு ஒரு மணி நேரமாக மாறிவிடும். அதற்குப் பதிலாக, யார் யாரை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று டேட்டாபேஸிடமே கேட்கலாம். எஸ்.க்யூ.எல் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளின் பட்டியலை எடுத்தால், ஒவ்வொன்றும் எந்த எண்ணுக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு பத்தி காட்டும். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டே போனால் வரிசையின் தலையில் நிற்கும் ஒரே ஒரு இணைப்பு கிடைக்கும். அந்தக் கம்ப்யூட்டருக்குப் போய் பெட்டியில் 'ஓகே' கொடுத்தாலே போதும். ஆள் இல்லை என்றால் அந்த ஓர் இணைப்பை மட்டும் துண்டிக்கலாம். சேமிக்காத அந்த ஒரு திருத்தம் மட்டும் போகும், மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிடும்.

இதில் இன்னொரு ரகம் 'டெட்லாக்'. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு குறுகிய சந்தில் இரண்டு டெம்போ எதிரும் புதிருமாக வந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீ பின்னால் போ, நீ பின்னால் போ என்று இரண்டுமே நகராது. டேட்டாபேஸ் இதைத் தானே கண்டுபிடித்து, ஒரு டெம்போவைத் தூக்கி வெளியே வைத்துவிடும். எஸ்.க்யூ.எல் சர்வரில் இதற்கு 1205 என்ற எண் வரும். திரும்ப ஒரு முறை முயன்றால் பெரும்பாலும் போய்விடும். தினமும் வந்தால், சாஃப்ட்வேரின் ஒரு பகுதி ஸ்டாக் அட்டவணையை முதலில் தொட்டு பிறகு டி.சி-யையும், இன்னொரு பகுதி அதைத் தலைகீழாகவும் தொடுகிறது என்று பொருள். இரண்டையும் ஒரே வரிசையில் தொடும்படி மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதே 1205 மைஎஸ்க்யூஎல்லில் வந்தால் அது டெட்லாக் இல்லை, காத்திருப்பு நேரம் முடிந்தது என்று அர்த்தம். அங்கே டெட்லாக்குக்கு 1213. எண்ணை மட்டும் கூகுளில் போட்டுத் தேடுகிறவர்கள் வழி தவறுவது இப்படித்தான். சாஃப்ட்வேர் ஆளுக்கு போட்டோ அனுப்பும்போது எண்ணோடு முழு வாசகமும் தெரியும்படி எடுங்கள்.

வருஷம் ஆக ஆக ஸ்லோ ஆகுதே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பீஸ் ஆர்டர், பண்டிலுக்கு 20 பீஸ் என்றால் 500 பண்டில். ஒவ்வொரு பண்டிலும் 12 ஆபரேஷனைத் தாண்டுகிறது, ஒவ்வொன்றிலும் பார்கோடு ஸ்கேன் ஆகிறது என்றால் ஒரே ஆர்டருக்கு 6,000 வரி. வருஷத்துக்கு இப்படி 200 ஆர்டர் என்றால் 12 லட்சம் வரி. முதல் வருஷம் சட்டென்று வந்த ரிப்போர்ட் மூன்றாம் வருஷம் தவழுவதில் ஆச்சர்யம் இல்லை.

இங்கே புது சர்வர் வாங்கும் முன் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். அகர வரிசை இல்லாத டெலிபோன் டைரக்டரியில் ஒரு பெயரைத் தேடுவதுதான் இண்டெக்ஸ் இல்லாத தேடல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்ட வேண்டும். அடிக்கடி தேடும் ஆர்டர் நம்பர், தேதி, ஆள் நம்பர் ஆகியவற்றுக்கு இண்டெக்ஸ் போட்டால் நிமிடங்கள் நொடிகளாகலாம். அதற்காக எல்லாப் பத்திக்கும் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எல்லா இண்டெக்ஸையும் திருத்த வேண்டியிருப்பதால், எழுதும் வேகம் அடிபடும்.

10 ஜி.பி-யில் இடிக்கும் சுவர்

சிறு கம்பெனிகள் பலவும் எஸ்.க்யூ.எல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸில்தான் ஓடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால், 2008 ஆர்2 பதிப்பிலிருந்து 2022 பதிப்புவரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி-தான் அனுமதி. அதைத் தொட்ட அன்று 1827 அல்லது 1105 என்ற எண்ணோடு புதிய பதிவுகள் ஏறாமல் நின்றுவிடும். டிஸ்க்கில் 400 ஜி.பி காலியாக இருக்கும், ஆனாலும் இடம் இல்லை என்று சொல்லும். அதைப் பார்த்துக் குழம்பி புது ஹார்ட் டிஸ்க் வாங்கினால் காசுதான் நஷ்டம். டிசைன் போட்டோக்களை டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அவற்றைத் தனி ஃபோல்டருக்கு மாற்றி, பழைய வருஷங்களைத் தனி டேட்டாபேஸாகப் பிரித்தால் மூச்சு வரும்.

9002 என்ற எண் வந்தால் நிரம்பியது வேறு ஒன்று: லாக் ஃபைல். டேட்டாபேஸ் எதையும் செய்வதற்கு முன் 'இதைச் செய்யப் போகிறேன்' என்று எழுதி வைக்கும் டைரி அது. 'ஃபுல் ரெக்கவரி' முறையில் ஓடும் டேட்டாபேஸுக்கு லாக் பேக்கப் எடுக்காமலே விட்டால் டைரி வளர்ந்துகொண்டே போகும். இதைப் பார்த்து, பெரிய ஃபைலாக இருக்கிறதே என்று எல்.டி.எஃப் ஃபைலை டெலீட் செய்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கரன்ட் போனபோது பாதியில் நின்ற வேலையை டேட்டாபேஸ் சரிசெய்வது அந்த டைரியைப் பார்த்துத்தான். அது போனால் 'சஸ்பெக்ட்' என்ற நிலைக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

அப்படிப் படுத்துவிட்டால் இணையத்தில் ஒரு கட்டளை சிபாரிசு செய்வார்கள். அதன் பெயரே 'ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்'. டேட்டா போனாலும் பரவாயில்லை, ரிப்பேர் செய் என்று பொருள். நல்ல பேக்கப் கையில் இருந்தால் அதிலிருந்து மீட்பதுதான் முதல் வழி. பேக்கப் இல்லாதபோதுதான் இது, அதுவும் பழுதான ஃபைல்களை அப்படியே காப்பி எடுத்து வைத்த பிறகு.

முருகன் ஏன் கேள்விக்குறி ஆனார்?

ஐ.டி கார்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாறு கேள்விக்குறிகள். தமிழில் பெயர் அடித்த பல கம்பெனிகள் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருக்கும். காரணம், ஆங்கில எழுத்துக்கு மட்டும் தயார் செய்யப்பட்ட பத்தியில் தமிழை ஏற்றியது. எஸ்.க்யூ.எல் சர்வரில் 'வார்சார்' என்ற வகைக்குப் பதில் 'என்வார்சார்' வேண்டும். சாஃப்ட்வேர் அனுப்பும் கட்டளையில் பெயருக்கு முன் 'என்' என்ற எழுத்தும் வேண்டும், அது இல்லாவிட்டால் பத்தி சரியாக இருந்தும் கேள்விக்குறிதான். மைஎஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8எம்பி4' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் பழைய 'யுடிஎஃப்8'-ல் ஓர் எழுத்துக்கு 3 பைட்தான் இடம். தமிழ் அதில் அடங்கிவிடும், ஆனால் 4 பைட் கேட்கும் எமோஜி அடங்காது.

இதில் வேதனையான விஷயம், கேள்விக்குறியாக ஒருமுறை சேமிக்கப்பட்டதை எந்த நிபுணராலும் திரும்ப முருகனாக்க முடியாது. எழுத்து மறைந்து நிற்கவில்லை, அழிந்தே போய்விட்டது. மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஆனால், பழைய ஃபைல்களில் கேள்விக்குறி இல்லாமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கலாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். அது பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்ததாக இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், பெயர் பத்திரமாக இருக்கிறது. அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

நீளத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. முத்துக்கிருஷ்ணன் என்ற பெயரை எண்ணிப் பாருங்கள், நம் கணக்கில் 9 எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் 17. புள்ளியும் கொம்பும் அதற்குத் தனித் தனி எழுத்து. 15 இடம் மட்டும் ஒதுக்கியிருந்தால் சேமிக்க மறுக்கும், அல்லது பெயர் பாதியில் வெட்டுப்படும்.

பெயரையே ஆள் அடையாளமாக வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு வேறு தலைவலி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களில் ஒரே பெயர் உள்ளவர்கள் ஒரே யூனிட்டில் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் பெயரையே ஒரு தடவை ஒரு மாதிரியும் அடுத்த தடவை வேறு மாதிரியும் அடித்து இரண்டு ஆளாக்கிவிடுவதும் நடக்கும். பி.எஃப் பணம் எடுக்கப் போகும்போது ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பி.எஃப் கணக்கில் ஒரு ஸ்பெல்லிங் என்று விண்ணப்பம் திரும்பி வந்தால், அலைவது அந்தத் தொழிலாளிதான். தமிழ்க்காரர்களுக்கு இதே தொல்லை இனிஷியலில் வருகிறது. ஆளுக்கு ஒரு எண், அந்த எண்ணோடு 12 இலக்க யு.ஏ.என், பெயர் ஆதாரில் உள்ளபடியே. வேலையில் சேரும் நாளிலேயே இதைச் செய்துவிட்டால் நல்லது.

பைசா கணக்கும் அப்படித்தான். பீஸ் ரேட்டை 'ஃபுளோட்' வகையில் சேமித்தால் 0.1-ஐக்கூட அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆயிரக்கணக்கான பீஸைக் கூட்டும்போது டெய்லர் நோட்டும் கம்ப்யூட்டரும் சில பைசா முரண்படலாம். பணத்துக்கு எப்போதும் 'டெசிமல்' வகைதான்.

பேக்கப் இருக்கு... திறந்து பார்த்தீங்களா?

2017 ஜனவரி 31. உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் பயன்படுத்தும் கிட்லாப் நிறுவனத்தில், இரவில் நீண்ட நேரம் ஒரு கோளாறோடு போராடிக்கொண்டிருந்த இன்ஜினீயர் ஒருவர், துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சட்டென்று சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி போய்விட்டது, மிச்சம் நின்றது 4.5 ஜி.பி.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று திரும்பினால் அடுத்த அதிர்ச்சி. தினசரி பேக்கப் எடுக்கும் புரோகிராமின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாததால், பேக்கப் ஓடவே இல்லை. தோல்வி என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரத்துக்கு முன்பு வேறு ஒரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு காப்பிதான் கடைசியில் காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்த 6 மணி நேரத்தில் ஏறிய டேட்டா திரும்பவே இல்லை.

திருப்பூர் கம்பெனியில் பேக்கப் எங்கே இருக்கும்? பெரும்பாலும் அதே சர்வரின் டி டிரைவில். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பென் டிரைவில் எடுப்பவர்கள் அதைச் சர்வரிலேயே செருகி வைத்திருப்பார்கள். வானாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கியபோது பலரும் கற்ற பாடம் இது: ஃபைல்களைப் பூட்டும் வைரஸ், செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டும். ஆபீஸுக்கு வெளியே ஒரு காப்பி, எதோடும் இணைக்காமல் கழற்றி வைத்த ஒரு காப்பி என இரண்டாவது வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைலைச் சும்மா காப்பி பேஸ்ட் செய்வது பேக்கப் ஆகாது, டேட்டாபேஸின் சொந்த பேக்கப் கட்டளையில்தான் எடுக்க வேண்டும்.

எடுத்ததைச் சோதிக்க மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வேறு ஒரு கம்ப்யூட்டரில் அந்த பேக்கப்பை ஏற்றி, போன வாரச் சம்பள ஷீட்டை எடுத்துப் பாருங்கள். மொத்தத் தொகை பிரிண்ட் எடுத்த ஷீட்டோடு ஒத்துப்போகிறதா? எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள். சர்வர் படுத்த அன்று தொழிலாளர்களிடம் 'எப்போது தருவோம்' என்று சொல்ல அந்த நேரம் தேவைப்படும்.

சர்வருக்கு யு.பி.எஸ் போட்டவர்கள் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கும் போட்டீர்களா என்று பாருங்கள். வீட்டிலிருந்து பார்ப்பதற்காக 'ரிமோட் டெஸ்க்டாப்'பை நேரடியாக இணையத்துக்குத் திறந்து விட்டிருந்தால் இன்றே மூடச் சொல்லுங்கள், ரான்சம்வேர் அதிகம் நுழையும் வாசல்களில் அதுவும் ஒன்று. ஒருவேளை ஃபைல்கள் பூட்டப்பட்டால், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக முதலாளிகளுக்கு ஒரு கேள்வி. உங்கள் டேட்டாபேஸின் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? மூன்று வருஷத்துக்கு முன்பு சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போன ஒரு தம்பியிடம் மட்டும்தான் என்றால், திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அவருக்கு போன் போடுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, தாளில் எழுதி, கவரில் ஒட்டி, செக் புத்தகம் இருக்கும் பீரோவில் வையுங்கள்.